கல்லுக்குள் பொன், கணிப்பொறிக்குள் பகை

ஊரிகத்தில் வாழும் நம்மவர்க்குச் சயனைடு மண்மேடுகளைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாறையைப் பொடித்து, சயனைடு நீரிற் கரைத்து, கண்ணுக்குப் புலனாகாத பொன்னைப் பிரித்த தொழிலின் எச்சங்கள் அவை. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன, மேடுகள் நிற்கின்றன. பாறையோ தன்னைப் பொடிப்பவனைக் கண்டு பொன்னை ஒளிப்பதில்லை. ஆராய்வோனைக் கண்டு வேடம் மாற்றும் பொருள் ஒன்று நம் காலத்தில் தோன்றியுள்ளது. அதுவே கணிப்பொறிக்குள் புகுந்து கெடுக்கும் பகைநிரல்.

இவ்வித்தை புதிதன்று. 1986-இல் லாகூரில் உருவான ‘பிரெயின்’ என்னும் வைரஸ், தான் குடியேறிய வட்டின் பகுதியை எவரேனும் சோதித்தால், பழைய தூய பகுதியையே எடுத்துக் காட்டி ஏமாற்றியது. பின்வந்தவை மேலும் தேர்ந்தன. ஒருவர் நிரலை அடியடியாக நிறுத்தி ஓட்டிப் பார்த்தால், இரு கட்டளைகளுக்கிடையே கழியும் காலம் நீளும். அக்காலத்தை அளந்தே, தான் ஆராயப்படுவதைப் பகைநிரல் உணர்ந்து, ஏதுமறியாததுபோல் அடங்கிவிடும். ஆராய்வோரும் சளைப்பதில்லை. அதனைத் தனித்த பொறியொன்றில் அடைத்து, அது கேட்கும் கேள்விக்குப் பொய்விடை தந்து, அது தன் மறைகுறியை அவிழ்க்கும் தருணத்தில் நினைவகத்திலிருந்து உண்மை வடிவைக் கைப்பற்றுகின்றனர்.

2019 செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் ‘டிடிராக்’ என்னும் ஒற்றுநிரலை இவ்வாறே இனங்கண்டனர். அதன் மெய்யுடல் வேறொரு நிரலுக்குள் மறைகுறியாய்ப் பொதிந்திருந்தது. இந்திய ஏ.டி.எம். பொறிகளில் அட்டை விவரங்களைக் கவர்ந்த நிரலொன்றின் உறவு அது. ஊருக்குப் பணம் அனுப்பி வாழும் நமக்கு இதன் பொருள் விளங்கும்.

அவ்வாண்டு அக்டோபரில் வெளிப்பட்ட டிடிராக் நிரலொன்றைப் பிரித்துப் பார்த்தபோது, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர்ச்சுருக்கம் அதனுள் காணப்பட்டது. 29-ஆம் நாள் நிலையத்தார் மறுத்தனர். மறுநாளே அணுமின் கழகம், நிர்வாக வலையமைப்பைச் சார்ந்த ஒரு கணிப்பொறியில் பகைநிரல் இருந்தது உண்மையென ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் நாளே அரசின் கணிப்பொறிப் பாதுகாப்புக் குழு அதனைக் கண்டறிந்து தெரிவித்ததென்றும், நிலையத்தின் இயக்க அமைப்புகள் தனித்திருந்தமையால் பாதிப்பில்லையென்றும் விளக்கிற்று.

ஒளிவதற்கென்றே பிறந்த நிரலும் பொறுமையுடன் பிரிப்போர்முன் வாய் திறந்துவிடுகிறது. அது பேசிய பின் மனிதர் மறுப்பு ஒருநாளேனும் நில்லாது. தீங்கை உடனே ஒப்புக்கொள்வதே பாதுகாப்பின் முதற்படி என்பது கூடங்குளம் நமக்குத் தரும் பாடமாகும்.