பனிமலைக்கு எத்தனை படி?

திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்கு பற்றி எழுதினால் சிரிப்பீர்கள், தெரியும். மே மாதச் செய்தியில் வெயில் பட்டியல் வாசிக்கும்போது வேலூரோடு சேர்த்து எங்கள் ஊர்ப் பெயரும் வரும். இருந்தாலும் ஒரு கேள்வி ரொம்ப நாளாக மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. குளிர்கால ஒலிம்பிக்குக்கு 1964-லிருந்தே இந்தியாவிலிருந்து ஆட்கள் போயிருக்கிறார்கள். ஸ்கீ ஓட்டப் போனார்கள், லூஜ் ஓட்டப் போனார்கள். ஆனால் 2022 பெய்ஜிங் வரை கணக்கெடுத்தால், ஸ்னோபோர்டு பந்தயத்துக்கு ஒருவர்கூடப் போகவில்லை. ஏன்?

முதலில் ஸ்னோபோர்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஸ்கீயில் காலுக்கு ஒரு பட்டை. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில். பக்கவாட்டில் நின்றபடி மலையிலிருந்து இறங்க வேண்டும். இப்போது ஒலிம்பிக்கில் இருக்கும் ஸ்லாலம் வகைப் பந்தயத்தில் சிவப்புத் தடம், நீலத் தடம் என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாதை போட்டு, இருவரை ஒரே நேரத்தில் இறக்கிவிடுவார்கள். தகுதிச் சுற்றில் தேறிய 16 பேர் ஜோடி ஜோடியாக மோதுவார்கள். தோற்றவர் வீட்டுக்கு.

இந்த விளையாட்டே அமெச்சூராகப் பிறந்தது. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், பெண் குழந்தைகள் விளையாட இரண்டு ஸ்கீ பட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அவர் மனைவி அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயர் வைத்தார் (ஸ்னோவும் சர்ஃபும் கலந்த பெயர்). 1979-ல் அங்கே நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு ஜேக் பர்ட்டன் என்ற இளைஞர், காலைப் பலகையோடு பிணைக்கும் பட்டைகள் வைத்துத் தானே செய்த பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இது விதியில் இல்லையே என்று எதிர்ப்பு கிளம்ப, அவருக்காகத் தனிப் பிரிவு வைத்தார்கள். பிறகு அவர் நிறுவனம்தான் உலகப் புகழ் பெற்றது! 19 வருடம் கழித்து, 1998-ல் ஜப்பானின் நகானோவில் ஸ்னோபோர்டு ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலமில் கனடாவின் ராஸ் ரெபக்லியாட்டி வெறும் 0.02 வினாடியில் தங்கம் வென்றார். கஞ்சா சோதனையில் மாட்டிப் பதக்கம் பறிபோய், மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தது தனிக் கதை.

அதே நகானோவில் 16 வயதுப் பையன் ஒருவன் இந்தியாவுக்காக லூஜ் ஓட்டி 28-வது இடம் பிடித்தான். மணாலி பக்கத்து வசிஷ்ட் கிராமத்து சிவ கேசவன். அப்பா மலையாளி, அம்மா இத்தாலிக்காரர். லூஜ் என்பது சின்ன சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்து, கால் முன்னே நீட்டி, பனிக்கட்டிக் குழாய் போன்ற தடத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாய்வது. இந்தியாவில் அப்படி ஒரு தடம் கிடையாது. ஆஸ்திரியப் பயிற்சியாளர் குந்தர் லெம்மரர் இங்கே வந்து முகாம் நடத்தியபோது பையன்களுக்கு ஜமைக்கா பாப்ஸ்லெட் அணியைப் பற்றிய ‘கூல் ரன்னிங்ஸ்’ படத்தைப் போட்டுக் காட்டினாராம். அதன் பிறகு கேசவன் வண்டிக்குச் சக்கரம் மாட்டி இமயமலைத் தார்ச் சாலையில், லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே பழகினார். மொத்தம் 6 ஒலிம்பிக். சிறந்த இடம் 2006 டுரினில் 25. ஆசியக் கோப்பையில் 2011, 2012 இரண்டு வருடமும் தங்கம்.

“28-ஆ, 25-ஆ, அவ்வளவுதானா?” என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. ஆஸ்திரியாவிலோ ஜெர்மனியிலோ பிறந்த பையனுக்கு ஊர் கிளப், மாவட்டப் போட்டி, ஜூனியர் அணி, அப்புறம்தான் உலகக் கோப்பை. எங்கள் ஊர் மலையில் 365 படி. மூச்சு வாங்கினாலும் ஒவ்வொன்றாக ஏறிவிடலாம். கேசவனுக்கு முதல் படியும் கடைசிப் படியும்தான் இருந்தன. நடுவில் வெட்டவெளி.

அந்தத் தாவலும் போகப் போகக் கடினமாகிவிட்டது. 1988 கால்கரியில் ஷைலஜா குமார் ஸ்லாலமில் 28-வதாக முடித்தார், குளிர்கால ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியப் பெண். ஜமைக்கா அணி போனதும் அங்கேதான். ‘எடி தி ஈகிள்’ என்ற இங்கிலாந்துக்காரர் ஸ்கீ ஜம்பிங்கில் கடைசியாக வந்து உலகத்தையே சிரிக்க வைத்ததும் அங்கேதான். அதைப் பார்த்த அதிகாரிகள் இனி சும்மா வந்து கலந்துகொள்ள முடியாது என்று தகுதி விதிகளை இறுக்கினார்கள். காரணம் இல்லாமல் இல்லை: 2010 வான்கூவரில் ஜார்ஜியாவின் நோடார் குமாரிதாஷ்விலி லூஜ் பயிற்சியிலேயே உயிரிழந்தார். அவர் கத்துக்குட்டியும் அல்ல.

காமர்ஸ் மாணவன் என்பதால் காசுப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை :-) 1972-ல் ஆஸ்திரியாவின் கார்ல் ஷ்ரான்ஸை, ஸ்கீ கம்பெனிகளிடம் பணம் வாங்கினார், ஆகவே அமெச்சூர் இல்லை என்று சொல்லி சப்போரோ ஒலிம்பிக்கிலிருந்து துரத்தினார்கள். அன்றைக்குப் பணம் இருந்தால் தகுதி போகும். இன்றைக்குப் பணம் இல்லாவிட்டால் தகுதியே வராது. 2014 சோச்சிக்குப் போக கேசவன் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். காஷ்மீரின் ஆரிஃப் கான் 2018 வாய்ப்பைப் பணமில்லாமல் இழந்தார்.

ஆரிஃபின் அப்பா குல்மார்க்கில் ஸ்கீ கடை வைத்திருப்பவர்; பையன் நாலு வயதில் சறுக்கத் தொடங்கினான். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான ஸ்லாலம் தகுதியை அவர் எங்கே பெற்றார் தெரியுமா? துபாயில்! பாலைவன ஊரில், ஷாப்பிங் மாலுக்குள் இருக்கும் செயற்கைப் பனிச் சரிவில். அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர் அவர்தான். ஜயன்ட் ஸ்லாலமில் 45-வது இடம், வென்றவரைவிடச் சுமார் 38 வினாடி தாமதம். கடும் பனிப்பொழிவில் பலர் தடத்தை முடிக்கவே இல்லை, அவர் முடித்தார்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஸ்கீயில் சிறிய பந்தயங்களில் ஓடிப் புள்ளிகள் சேர்க்கலாம். அங்கே புள்ளி குறையக் குறைய நல்லது. ஒரு வரம்புக்குக் கீழே வந்துவிட்டால் நாட்டுக்கு ஒருவர் என்ற இடம் கிடைக்க வழி உண்டு. ஆரிஃப் நுழைந்த கதவு அதுதான். ஸ்னோபோர்டில் அப்படியில்லை. 2014, 2018, 2022 மூன்றிலும், புள்ளிகள் இருந்தால் மட்டும் போதாது. உலகக் கோப்பையிலோ உலக சாம்பியன்ஷிப்பிலோ ஒரு தடவையாவது முதல் 30 இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். அதாவது எலீட் ஆன பிறகுதான் ஒலிம்பிக். நம்மவர்கள் ஒலிம்பிக் போன பிறகுதான் எலீட் ஆவதற்கான உதவித்தொகையும் விளம்பரதாரரும் கண்ணில் படுகிறார்கள். முட்டையா கோழியா கதை.

30 என்ற எண்ணைத் தளர்த்துங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. 2020-லிருந்து கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளில் குல்மார்க் சரிவில் ஸ்னோபோர்டு பந்தயம் நடக்கிறது. அதில் ஜெயிக்கும் பையனையும் பெண்ணையும் அடுத்த சீசனில் ஐரோப்பாவின் இரண்டாம் தரப் பந்தயங்களுக்கு அனுப்பி, நாலைந்து வருடம் தோற்கவிடுவதற்கான செலவை யாராவது ஏற்க வேண்டும். பதக்கத்துக்குப் பணம் தருகிறேன் என்று அறிவிக்கப் பலர் உண்டு. 58-வது இடத்திலிருந்து 41-க்கு வருவதற்குப் பணம் தருபவர்கள்?