ஹோட்டல் பிளே ஏரியா: அந்தப் பச்சைக் கம்பளத்துக்குக் கீழே என்ன இருக்கு? பெற்றோர் கவனிக்க வேண்டியவை

லீவு விட்டதும் ஊட்டி, கொடைக்கானல், ஈசிஆர் என ரூம் தேடும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது இரண்டு போட்டோக்களைத்தான். ஒன்று நீச்சல் குளம், இன்னொன்று குழந்தைகள் விளையாடும் இடம். நம்ம ஊர்ல ஹோட்டல்னா தங்குற இடமும் அதுதான், சாப்பிடுற இடமும் அதுதான். நெடுஞ்சாலை ஓரத்து உணவகங்கள்கூட இப்போ வாசலில் ஒரு சறுக்கு மரமும் ஊஞ்சலும் போட்டுவிடுகின்றன. குழந்தை அங்கே ஓடினா வண்டி நிற்கும், வியாபாரம் நடக்கும்.

இது புது யோசனை இல்லை. பிரான்ஸின் கிளப் மெட் நிறுவனம் 1967-லேயே தன் விடுதிகளில் குழந்தைகளுக்கென 'மினி கிளப்' தொடங்கியது. ஆனால் போட்டோவுக்காக அமைக்கப்படும் இடமும், குழந்தை விழும் என்று தெரிந்தே அமைக்கப்படும் இடமும் வேறு வேறு. எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே பார்க்காதீங்க, கீழே பாருங்க

விளையாட்டுத் திடல் காயங்களில் அதிகம் விழுவதால்தான் ஏற்படுகிறது. அதனால் எந்தச் சாதனம் இருக்கு என்பதைவிட, அது எதன் மேல் நிற்குது என்பதுதான் முதல் கேள்வி.

நம்ம ஹோட்டல்களில் ரொம்ப சகஜமாகத் தெரிவது சிமென்ட் தளத்தின் மேல் விரித்த செயற்கைப் புல் கம்பளம். பார்க்க மெத்து மெத்துன்னு இருக்கும். அடியில் அதிர்வு தாங்கும் திண்டு இல்லாவிட்டால், தலையில் விழும் அடி கிட்டத்தட்ட சிமென்டில் விழுந்த அடிதான். நிஜப் புல்லும் போதாது. சிமென்ட், தார், மண் தரை, புல் தரை நான்குமே உயரமான சாதனங்களுக்குக் கீழே ஏற்றவை அல்ல என்கிறது அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி. மிதிபட்டு மிதிபட்டு இறுகிப்போகும் என்பதே காரணம்.

அதே வழிகாட்டியின் கணக்கு இது: 9 அங்குல ஆழத்துக்கு மணல் இருந்தால் 4 அடி உயரம் வரை விழுவதைத் தாங்கும். துருவிய ரப்பர் துண்டுகள் என்றால் 6 அங்குலமே 10 அடி உயரம் வரை தாங்கும். மணலுக்குப் பெரிய செலவும் கிடையாது. தினமும் கிளறிவிடணும், ராத்திரி மூடி வைக்கணும், இல்லன்னா பூனைகள் வந்துடும். இந்தப் பராமரிப்பு வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பல இடங்களில் கம்பளம் வருது என்று தோன்றுகிறது.

செக் பண்ண ஒரு எளிய வழி: செருப்பைக் கழற்றிவிட்டு குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்க. உங்க காலுக்கே வலிச்சா, அது விளையாடும் தரை இல்லை.

ஊஞ்சலுக்கு எவ்வளவு இடம் வேணும்?

சாதனங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 6 அடி காலியாக இருக்கணும். ஊஞ்சல் என்றால் கணக்கு வேற. தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடம் முன்னாலும் பின்னாலும் வேண்டும். அதாவது 8 அடி உயர ஊஞ்சலுக்கு முன்னே 16 அடி, பின்னே 16 அடி. சுவரை ஒட்டி ஊஞ்சல் மாட்டியிருந்தால், இடத்தை யாரும் அளக்கவே இல்லைன்னு புரிஞ்சுக்கலாம்.

தலை சிக்கும் இடைவெளி

ஏணிப் படிகள், கைப்பிடிக் கம்பிகள் இடையே உள்ள இடைவெளி 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் நடுவில் இருப்பது ஆபத்து. சின்னக் குழந்தையின் உடம்பு கால் வழியாக உள்ளே நுழைஞ்சிடும், தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1176-ம் இதே அளவுகளைத்தான் வைத்துச் சோதிக்கிறது. அதே மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட், கொக்கி எல்லாம் துப்பட்டாவையும் கழுத்துச் செயினையும் பிடித்து இழுக்கும். மேலே ஏறும் முன் இரண்டையும் கழற்றி வாங்கி வச்சுக்கோங்க.

மடியில் வைத்துச் சறுக்கலாமா?

கூடாது. பாசத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் குழந்தையின் கால் சறுக்கின் ஓரத்தில் மாட்டினால், பின்னால் வரும் பெரியவரின் எடை மொத்தமும் சேர்ந்து அந்தக் காலை முறுக்கிவிடும். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கால் எலும்பு முறிய இது நன்கு அறியப்பட்ட காரணம். தனியா சறுக்க முடியாத குழந்தைக்கு அந்தச் சறுக்கு பெருசுன்னு அர்த்தம். மதிய வெயிலில் சறுக்கின் மேல் முதலில் உங்க கையை வைத்துப் பார்ப்பதும் நல்லது.

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தா போதுமா?

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஊஞ்சல், சறுக்கு போன்றவை ஐஎஸ் 9873 தரநிலையின் 4-வது பகுதியில் வருகின்றன. ஆனா அந்தப் பகுதி வீட்டு உபயோகத்துக்கானது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் விளையாடச் செய்த பிளாஸ்டிக் சறுக்கை, நாள் முழுக்க கூட்டம் ஏறும் ஹோட்டல் வெயிலில் போட்டால் எத்தனை நாள் தாங்கும்? விரிசல், வெளுத்த நிறம், ஆடும் கால்கள், இவற்றைப் பார்த்தாலே பதில் தெரியும்.

எங்கே அமைக்கணும்?

நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் கூடாது. ஆனால் ரிசார்ட்டுகளில் இரண்டையும் சேர்த்தே வைப்பதுதான் வழக்கமாகிவிட்டது. பந்து உருண்டால் குழந்தை பின்னாலேயே ஓடும். நடுவில் குறைந்தது 4 அடி உயர வேலியும் தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் வேண்டும். உணவகம் என்றால் பார்க்கிங் பக்கம் கூடாது. பின்னோக்கி வரும் பஸ் டிரைவருக்கு 3 அடிக் குழந்தை தெரியாது. சாப்பிடும் மேஜையில் இருந்தபடியே பார்வைக்குப் படணும், உள்ளே போக வர ஒரே வழி இருக்கணும், அதுவும் பெற்றோர் உட்காரும் பக்கம். சிசிடிவி இருக்குன்னு நம்பிவிடக் கூடாது. அது நடந்ததைக் காட்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லணும்: 2 முதல் 5 வயது, 5 முதல் 12 வயது என இடத்தைப் பிரிப்பது அடிப்படை விதி. ஓடி வரும் பத்து வயதுப் பையன் மோதித்தான் பல வாண்டுகள் விழுகின்றன.

'நிர்வாகம் பொறுப்பல்ல' போர்டு செல்லுமா?

வேலட் பார்க்கிங்கில் விட்ட கார் திருட்டுப் போன வழக்கில், 'உரிமையாளர் பொறுப்பு' என்று டோக்கனில் அச்சடித்துவிட்டு தன் அலட்சியத்துக்கான பொறுப்பில் இருந்து ஹோட்டல் தப்ப முடியாது என 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கார் வழக்குதான். ஆனாலும் போர்டு மாட்டினால் எல்லாம் முடிந்தது என்று ஹோட்டல்காரர்கள் நினைப்பதற்கு அந்தத் தீர்ப்பு இடம் கொடுக்கவில்லை.

குழந்தைக்கு அடிபட்டால் முதலில் சிகிச்சை. கூட வந்த ஒருவர் அந்த இடத்தையும் தரையையும் உடைந்த பாகத்தையும் அப்போதே போட்டோ எடுக்கட்டும், ஏன்னா மறுநாள் அது சரி செய்யப்பட்டிருக்கும். பில்லையும் மருத்துவச் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.