பொன்முடி: 22 வளைவுகளுக்கு மேலே ஒரு மலைவாசத்தலம், புறப்படும் முன் அறிய வேண்டியவை

கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. காலையில் கடற்கரையில் இருப்பவர் நண்பகலுக்குள் மேகத்தின் நடுவே நிற்கலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு. இடுக்கி மாவட்டத்திலும் பொன்முடி என்ற பெயரில் ஓர் அணை உள்ளதால், கைப்பேசி வரைபடத்தை நம்பிச் செல்வோர் மாவட்டத்தின் பெயரைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நெடுமங்காடு, விதுரா வழியாகச் செல்லும் சாலை கல்லாரை அடைந்த பிறகு மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து உச்சி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் எண் பொறித்த பலகை உண்டு. தாழ்வான பகுதியில் அடர்ந்த மழைக்காடு, நடுவே தேயிலைத் தோட்டங்கள், மேலே காற்றில் அலையும் புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு எனக் காட்சி மாறிக்கொண்டே வருகிறது. தென்காசி, செங்கோட்டைப் பகுதியினர் குளத்துப்புழா, பாலோடு வழியாக விதுராவை அடையலாம். திருவனந்தபுரத்திலிருந்து அரசுப் பேருந்துகளும் இயக்கப்படுகின்றன.

ஆனால் இந்தச் சாலையே பொன்முடியின் பலவீனமும் ஆகும். வேறு மாற்றுப் பாதை இல்லாததால், ஓரிடத்தில் மண் சரிந்தாலும் மலை முழுவதும் துண்டிக்கப்படுகிறது. 2022 செப்டம்பரில் 12ஆவது வளைவுக்கு அருகே சாலை இடிந்து விழுந்தது. சீரமைப்புக்குப் பின் டிசம்பரில்தான் சுற்றுலாப் பயணிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். மேலே வசிக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த மாதங்கள் வெறும் விடுமுறை இழப்பு அல்ல. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செல்லும் ஒரே வழி அதுதான். அடுத்த ஆண்டு, 2023 அக்டோபரில், ஆசிய மலைச் சைக்கிள் பந்தயப் போட்டி இதே மலையில் நடைபெற்றது.

தென்மேற்குப் பருவமழை மட்டுமன்றி, அக்டோபர், நவம்பர் மாத வடகிழக்கு மழையும் இங்கு வலுவாகப் பெய்கிறது. கனமழை எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் பொன்முடி மூடப்படுவது வழக்கம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே பயணத்துக்கு ஏற்றது. கல்லாறு பார்வைக்கு அமைதியாக, உருண்டைக் கற்களுக்கிடையே தெளிந்து ஓடும். எனினும் மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. நீர்மட்டம் நிமிடங்களில் உயரக்கூடும். அறிவிப்புப் பலகைகளைப் பொருட்படுத்தாமல் ஆற்றில் இறங்குவது உயிருக்கே ஆபத்தாகும். மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் அட்டைக்கடியும் தவிர்க்க இயலாதது.

பொன்முடிக்கு அருகேயுள்ள பாறை முகடு ஒன்றுக்கு வரையாட்டுமொட்டை என்று பெயர். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டின் வாழிடம் அது என்பதை அப்பெயரே உணர்த்துகிறது. தமிழ்நாடும் கேரளமும் 2025இல் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் இரு மாநிலங்களிலும் சேர்த்து 2,600க்கும் மேற்பட்ட வரையாடுகள் பதிவாயின. உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை. இம்முகட்டுக்கு ஏற வனத் துறையின் முன் அனுமதி தேவை. சாலையில் நின்றபடி வரையாட்டைக் காணலாம் என்று எதிர்பார்த்து வருபவர் ஏமாற்றமடையலாம். கருமந்தியையும் மலை அணிலையும் காணும் வாய்ப்பு அதைவிடக் கூடுதல். கண்ணுக்கு எளிதில் தென்படாத சிற்றுயிர்களிலும் இம்மலை வளமானது. 2005இல் விவரிக்கப்பட்ட ஒரு புதர்த் தவளை இனம் பொன்முடியின் பெயரையே தாங்கியுள்ளது.

அருகிலுள்ள பேப்பாறை வனவிலங்கு சரணாலயம் 1983இல் அறிவிக்கப்பட்டது; பரப்பு 53 சதுர கிலோமீட்டர். கரமனை ஆற்றின் மீதுள்ள பேப்பாறை அணையில் தேங்கும் நீரே அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரத்தின் குடிநீராகிறது. அதாவது, இக்காட்டில் வீசப்படும் பிளாஸ்டிக் உறை நகரவாசியின் குழாயிலிருந்து வெகு தொலைவில் இல்லை. இப்பகுதி முழுவதும் தமிழ்நாட்டின் களக்காடு, முண்டந்துறை வரை நீளும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் தொடர்ச்சியாகும். 2001இல் அறிவிக்கப்பட்ட இக்காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

மேலே தங்குமிடங்கள் குறைவு. மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியில் முன்பதிவு செய்யாமல் செல்வோர், மாலையில் விதுராவுக்கோ நெடுமங்காட்டுக்கோ இறங்கும் வகையில் பயணத்தைத் திட்டமிட வேண்டும். பிற்பகலில் மூடுபனி சாலையை மறைத்துவிடும் என்பதால், மேலே செல்லும் நேரத்தைக் காட்டிலும் இறங்கும் நேரத்தை முதலில் முடிவு செய்துகொள்வது நலம்.