அணையவிடாத வேலை

நெடுந்தீவின் தென்கோடியில் குயிண்டா கோபுரம் நிற்கிறது. உச்சியில் தெரியும்படி தீ வளர்த்து மரக்கலங்களுக்கு வழிகாட்டினார்கள் என்பது தீவார் வழிவழியாகச் சொல்வது. விறகு தணியத் தணிய யாராவது விழித்திருந்து போட்டாக வேண்டும். அவர் கண்ணயர்ந்தால் கோபுரம் வெறும் கல்தான்.

மரக்கலங்களுக்கு வழிகாட்டும் அதே வேலைக்குப் பின்னாளில், 1916இல், காரைநகர் கோவளத்தில் ஏறத்தாழ 30 மீற்றர் உயர வெளிச்சவீடு எழுந்தது.

இன்று கைத்துப்பாக்கியின் குறிமுனையில் ஒளிரும் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயுவுக்கு விறகும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அதற்காக அதைச் சாகாவிளக்கு என்று நம்பிவிடக்கூடாது: சுமார் 12.3 ஆண்டுகளில் பாதி சிதைந்து ஹீலியமாகிவிடும், வெளிச்சமும் மங்கும். கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்ட வாயு, குழாயோடு மாற்றவேண்டியதுதான்.

குறிகாட்டுவானில் நெடுந்தீவுக்குப் படகேறுகிறவர்கள் பெரும்பாலும் குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் பார்த்துத் திரும்புகிறார்கள். குயிண்டா கோபுரம் நிற்கும் தென்கோடிக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.