சிரட்டையில் வார்த்த விளக்கு: சுதையும் சிமெண்டும் சொல்லும் வரலாறு



தீபாவளி விடுமுறைக்குச் சில நாள்கள் முன்பு, "தோட்டத்துக் கோவில் வாசலில் நிற்கிறதே சிமெண்டுக் குதிரை, அதைச் செய்தவர் யார்?" என்று மாணவர்களிடம் வினவினேன். "கடையில் வாங்கியிருப்பார்கள், ஐயா" என்றான் ஒரு சிறுவன். வகுப்பு முழுவதும் அதற்குத் தலையாட்டியது. எனக்கோ மனம் கனத்தது.

அக்குதிரை கடைச்சரக்கன்று. காலையில் பால்மரம் வெட்டிவிட்டு, மாலையில் லயத்து மக்கள் கம்பி வளைத்து, சாந்து குழைத்து, திருவிழாவுக்குள் எழுப்பிய உருவம் அது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். செய்தவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. பண்டிகை அலங்காரம் என்றாலே நெகிழித் தோரணமும் மின்விளக்குச் சரமும் என்றாகிவிட்ட இந்நாளில், நம் கைகள் எதைச் செய்தன என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவது நம் கடமையாகும்.

சிமெண்டு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் சுதை வேலையில் தேர்ந்திருந்தனர். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, நீரில் நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் கலந்து பக்குவப்படுத்தியதே சுதை. தமிழகத்துப் பெருங்கோபுரங்களின் மேல்நிலைகள் செங்கல்லால் கட்டப்பட்டு, அவற்றின் உருவங்கள் சுதையால் வனையப்பட்டன. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுதை மெல்ல மெல்லக் கல்லாகிறது. ஆதலால் அவ்வேலைக்குப் பொறுமையே முதல் கருவி.

1824ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் 'போர்ட்லண்ட் சிமெண்டு' என்ற பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். சிமெண்டும் மணலும் நீரும் சேர்ந்தால் சாந்து. அதனோடு சல்லியும் சேர்ந்தால் கற்காரை. இந்தியாவில் 1904ஆம் ஆண்டில் சென்னையில் கடற்சிப்பிகளைக் கொண்டு சிமெண்டு செய்யும் முயற்சி தொடங்கிற்று. சுதைக்குக் கிளிஞ்சல் சுட்ட மண்ணில், சிமெண்டும் சிப்பியிலிருந்தே பிறக்க முயன்றது வியப்பன்றோ!

இரும்புக் கம்பியைக் கற்காரைக்குள் புதைக்கும் முறை எங்கிருந்து பரவியது தெரியுமா? ஒரு பூந்தொட்டியிலிருந்து! பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான ஜோசப் மோனியே, தம் தொட்டிகள் உடையாதிருக்கக் கம்பி வலையின்மேல் சிமெண்டைப் பூசினார். 1867ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னாளில் பாலங்களும் மாடிக் கட்டடங்களும் அவ்வழியே எழுந்தன. தோட்டத்து அலங்காரப் பொருளொன்று உலகக் கட்டடக் கலைக்கே வழிகாட்டிய வரலாறு இது.

நம் மலாக்காவிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. ஜாலான் துக்காங் எமாசில், 1781ஆம் ஆண்டு மலாக்காச் செட்டிகள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதற்குச் சற்றுத் தொலைவிலுள்ள செங் ஊன் தெங் சீனக் கோவிலின் கூரையை அண்ணாந்து பாருங்கள். வண்ணப் பீங்கான் கிண்ணங்களை நறுக்கி, சுண்ணச் சாந்தில் பதித்துச் செய்த உருவங்கள் அங்கே உள்ளன. உடைந்த பீங்கானும் கலையாகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டுமா? சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்தும் 1957ஆம் ஆண்டு முதல், உடைந்த ஓடுகளையும் வளையல்களையும் சிமெண்டில் பதித்து, யாருமறியாமல் ஒரு சிலைத் தோட்டத்தையே உருவாக்கினார். 1976ஆம் ஆண்டு அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

2006ஆம் ஆண்டு சனவரியில் திறப்புவிழா கண்ட பத்துமலை முருகன் சிலையை நாம் அனைவரும் அறிவோம். 42.7 மீட்டர் உயரம். ஏறத்தாழ 1,550 கன மீட்டர் கற்காரை. 250 டன் எஃகுக் கம்பி. அளவில் மலையும் மடுவுமாயினும், தோட்டத்துக் குதிரைக்கும் இச்சிலைக்கும் நுட்பம் ஒன்றே: உள்ளே கம்பி, மேலே காரை.

இவ்வரலாற்றைச் சொன்ன பின், மாணவர்களோடு அகல்விளக்குத் தாங்கிகளைச் செய்தேன். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல். எண்ணெய் தடவிய தேங்காய்ச் சிரட்டையே அச்சு. நடுவில் அகல் அமரும் குழிக்கு ஒரு சிறு கிண்ணம். முதல் முறை நானே தவறிழைத்தேன். விரைவில் காயட்டும் என்று நண்பகல் வெயிலில் வைத்தேன். பாதிக்கு மேல் வெடித்துப் போயின. சிமெண்டு வெயிலில் காய்ந்து கெட்டியாவதில்லை. நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. மறுமுறை நிழலில் வைத்து, ஒரு நாள் கழித்து அச்சிலிருந்து எடுத்து, ஏழு நாள்கள் ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். ஒன்றும் வெடிக்கவில்லை. ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும். அதன் தூள் நுரையீரலுக்குத் தீங்கு. எனவே கையுறையும் முகக்கவசமும் இன்றிப் பிள்ளைகளை இதில் இறக்காதீர்கள். கலக்கும் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நாட்டில் எத்தனையோ தோட்டங்கள் விற்கப்பட்டுவிட்டன, லயங்கள் மறைந்தன, சில கோவில்கள் இடம் பெயர்ந்தன, சில இருந்த இடமே தெரியவில்லை. அவற்றோடு பெயரறியாத கைகள் வனைந்த முனியாண்டிகளும் குதிரைகளும் சிங்கங்களும் போயின. எஞ்சியிருப்பவற்றை இவ்விடுமுறையில் பிள்ளைகளோடு சென்று பாருங்கள். படமெடுங்கள். "இதைச் செய்தவர் யார்?" என்று முதியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

"கடையில் வாங்கியிருப்பார்கள்" என்ற அந்தச் சிறுவன், தான் வார்த்த தாங்கியின் அடியில் தன் பெயரை ஆணியால் கீறி வைத்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குதிரையின் அடியிலும் ஒரு பெயர் இருந்திருக்கலாமே என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.