துண்டிலிருந்து உறுதி வரை: மலையகத்தில் கடனின் கதை

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு இளைஞர் சின்னதாக ஒரு தொழில் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபோன் திருத்துற கடை, இல்லாட்டி ரெண்டு தையல் மெஷின். வங்கிக்குப் போனால் தொழிலைப் பற்றிக் கேட்பதற்கு முன்னாடியே ரெண்டு கேள்வி வரும்: "காணி உறுதி இருக்கா? பிணைக்கு யார் கையெழுத்து வைப்பாங்க?" லயத்தில் பிறந்தவரிடம் ரெண்டுக்கும் பதில் இருப்பது அரிது. அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தால், "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வியாபாரம் வராது" என்று நம்ம ஆட்களே சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம். ஏனென்றால் நம்ம முன்னோர் இந்த மலைக்கு வந்து சேர்ந்ததே கடனில்தான்.

தொரை பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்ப்பார். ஊரில் இருந்த பழைய கடன், பயணச் செலவு, வழிச் சாப்பாடு எல்லாமே தொழிலாளியின் கணக்கில் ஏறும். தோட்டத்துக்கு வந்த பிறகு அரிசி கொடுத்து, அதற்கும் சம்பளத்தில் பிடிப்பார்கள். கங்காணியும் அவரது ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் பழைய தொரையிடமிருந்து ஒரு சீட்டு வாங்க வேண்டும். "இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுகிறேன்" என்பதுதான் அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டுக்குப் பேர்தான் துண்டு. புதிய தொரை பணத்தைக் கட்டுவார். அந்தக் கடன் அவரது கணக்குப் புத்தகத்துக்கு மாறும். இப்படித் தோட்டம் தோட்டமாக மாற மாறக் கடனும் கூடிக்கொண்டே போனது.

சொல்லாமல் கிளம்பிவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போடலாம். துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதாவது இந்த மக்களுக்குக் கடன் கிடைக்காமல் இல்லை, தாராளமாகவே கிடைத்தது. ஆனால் அது முதலாக மாறுகிற கடன் இல்லை. ஆளைக் கட்டிப்போடுகிற கடன்.

அதே காலத்தில் நாட்டில் வேறொரு பேச்சு நடந்தது. கொழும்பிலிருந்த ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர்க்காரர்களுக்குக் கடன் கொடுப்பதில்லை என்ற குறை பெரிதாக எழுந்தது. 1934இல் வங்கி ஆணைக்குழு அமைத்தார்கள். 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1961இல் மக்கள் வங்கி வந்து, கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கிராமத்து விவசாயிக்கும் கதவு திறந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள். தோட்டமும் கிராமமாகக் கணக்கில் வரவில்லை. ஆக, திறந்த அந்தக் கதவு நமக்குத் திறக்கவில்லை.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு தடவை "வியாபாரக் கடன்" என்ற வார்த்தை நம்ம குடும்பங்களின் பெயருக்கு நேராகவே எழுதப்பட்டது. அது இந்த நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கு! 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போனவர்களுக்கு இந்திய அரசு மறுவாழ்வுத் திட்டங்கள் வைத்திருந்தது. சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்ட வேலை, சிலருக்கு நூற்பாலை. மிகப் பலருக்கு எழுதப்பட்டது வியாபாரக் கடன், சில ஆயிரம் ரூபாய். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகவே 1969இல் ரெப்கோ வங்கியும் தொடங்கப்பட்டது.

அந்தக் கடன் ஏன் பலருக்குக் கைகொடுக்கவில்லை? தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவரை, பழக்கமே இல்லாத ஊரில் இறக்கிவிட்டு, "கடை போட்டுப் பிழைச்சுக்கோ" என்றால் எப்படி? வாங்கிப் பழகிய ஆட்கள் இல்லை, சரக்கு கடனாகத் தர மொத்த வியாபாரி இல்லை. நாட்செலவும் இடைத்தரகர்களும் பணத்தைத் தின்றுவிட, பலர் மறுபடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலி வேலைக்கு ஏறினார்கள். கொடைக்கானல் காடுகளில் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாக மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. துண்டு இன்னொரு பேரில் திரும்பி வந்தது.

இங்கே தங்கியவர்களின் கதைக்கு வருவோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. கை மாறிய ரெண்டு தடவையும் லயத்தில் இருந்தவருக்கு ஒரு பேர்ச் நிலம்கூட எழுதப்படவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்தது. அடையாள அட்டை வந்தது, உறுதி வரவில்லை. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியோடு வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் வந்தாலும், இன்னும் லயத்திலேயே இருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

அப்படியானால் இன்று நமக்கு எங்கேயிருந்து காசு வருகிறது? தீவாளி அட்வான்ஸ், நகை அடகு, சீட்டு, கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ போன அக்கா அனுப்புற பணம். இது எதுவும் இல்லாட்டி கிழமைக்குக் கிழமை வசூலிக்க வரும் குழுக்கடன். அதற்கு உறுதி கேட்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களே ஒருவருக்கொருவர் பிணை. 2018இல் மத்திய வங்கி நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு வைத்த உச்சவரம்பே ஆண்டுக்கு 35 வீதம். வரம்பே அவ்வளவு என்றால் அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கங்காணி காலத்திலும் சொந்தபந்தம்தான் பிணை, இப்பவும் அதுதான்.

அதனால்தான் சலுகை வட்டித் திட்டம் ஒன்று அறிவிக்கும்போதெல்லாம் கைதட்டுவதற்கு முன் நாம ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பிணையாக எதை ஏற்கிறீங்க? வீட்டுக் காணிக்கு உறுதி, அதில் மனைவியின் பெயரும் சேர்ந்து, கொடுக்கட்டும். அது வரும்வரை வருடக்கணக்கான சம்பளச் சீட்டையும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கையும், ஒழுங்காகக் கட்டிய சீட்டுப் புத்தகத்தையும் நம்பகத்துக்குச் சான்றாக எடுக்கட்டும். நூறு வருடத்துக்கு மேலாகக் கடனைத் திருப்பிக் கட்டியே பழகிய மக்களிடம், "உங்களை எப்படி நம்புறது?" என்று ஒரு வங்கி கேட்பது நியாயமில்லை.