பாளையம் எந்த வகை அரசு?

கல்லூரியில் அரசியல் அறிவியல் சேர்ந்திருக்கும் பேத்தி போன வாரம் ஒரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, மதுரை நாயக்கர் ஆட்சி முடியாட்சியா, நிலப்பிரபுத்துவமா?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள்வது ஒருவரா, சிலரா, பலரா. ஆள்வது யார் நலனுக்காக? அரிஸ்டாட்டில் இந்த இரண்டு கேள்விகளை வைத்து அரசுகளை வகை பிரித்தார். முதல் கேள்வியிலேயே மதுரை நம்மைத் திணறடிக்கும். 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் இங்கே வந்தது விஜயநகரப் பேரரசின் சார்பில். அவரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, கோட்டையின் 72 கொத்தளங்களை ஆளுக்கொன்றாகப் பாளையக்காரர்களின் பொறுப்பில் விட்டார்கள் என்பது மரபு. (அந்தக் கோட்டை மதிலை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்தார். நீங்கள் ஜவுளி எடுக்கப் போகும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்கள்.)

வசூலில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மீதி பாளையக்காரருக்கு என்பார்கள். இதைப் பார்த்துத்தான் பாடநூல்கள் 'நிலப்பிரபுத்துவம்' என்று ஐரோப்பியச் சட்டையை மாட்டிவிடுகின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. நாயக்கரோடு வந்த தெலுங்குத் தளபதிகளுக்குப் பாளையம் மேலிருந்து கிடைத்தது. ஆனால் பல மறவர் தலைவர்கள் அதற்கு முன்பே தங்கள் சீமையில் வேரூன்றியவர்கள். நாயக்கர் அவர்களை உருவாக்கவில்லை, ஏற்றுக்கொண்டார். ஒரே பெயருக்குள் இரண்டு வகை அதிகாரம்.

அதற்கும் கீழே காவல் என்று ஒன்று இருந்தது. ஊர்க்காவல் பார்ப்பவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும். மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் இந்த உரிமை வலுவாக இருந்தது. காவல்காரர்களால் ஊர்கள் பட்ட தொல்லையும் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் அது ஆட்சியின் ஒரு பகுதி. இன்றைக்கு நாம் போலீஸ் என்கிறோமே, அந்த வேலை.

கம்பெனிக்காரர்களுக்கு இந்த அமைப்பைச் சேர்க்க ஒரு கட்டம் கிடைக்கவில்லை. 1792 ஒப்பந்தத்தில் ஆற்காட்டு நவாபிடமிருந்து பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை வாங்கினார்கள். கப்பம் கட்டுகிறவன் சிற்றரசனா, வரி பாக்கி வைத்த குடியா? சிற்றரசன் என்றால் எதிர்த்து நிற்பது போர். குடி என்றால் அதே செயல் கலகம். கலெக்டர் ஜாக்சன் 1798இல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு ராமநாதபுரத்தில் சந்தித்தாரே, அது குடியை வரச்சொல்லும் தோரணை. மறு வருடம் அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு.

1801க்குப் பிறகு கோட்டைகள் இடிபட்டன, ஆயுதங்கள் பறிபோயின. மிஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார் ஆனார்கள். 1803இல் ராமநாதபுரமும் சிவகங்கையும் நிரந்தர ஜமீன்களாயின. படையும் இல்லை, காவலும் இல்லை, வசூல் மட்டும். பெயர் மாறியபோது வேலையும் மாறியது.

மேலே இருந்தவர்களுக்கு ஜமீன் என்ற பெயராவது கிடைத்தது. கீழே காவல் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. காவல் கூலியை மிரட்டிப் பறிப்பது என்று எழுதினார்கள். அப்புறம் 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறமலைக் கள்ளர் சமூகத்தையே கொண்டுவந்தார்கள். நம் பக்கத்து மக்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல்தான்.

பேத்தி இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதவேண்டும் என்றால் 'விஜயநகரத்துக்கு உட்பட்டுத் தொடங்கி, பாளையக்காரர்களோடு அதிகாரத்தைப் பங்கிட்ட முடியாட்சி' என்று எழுதட்டும். மதிப்பெண் கிடைத்துவிடும்.

உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கத்து மாணவர்கள் இதைப் படித்தால் ஒரு உதவி. உங்கள் ஊரில் காவல் கூலி எப்படி வாங்கினார்கள், எந்த வருடம் வரை நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தொண்ணூறைத் தாண்டியவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம்.